செல்லுக்குள் நுழைந்த வைரஸ் உட்கருவை எப்படி எட்டுகிறது? – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நீடாமங்கலம் பக்கம் ஒரு பள்ளியில் பன்னிரண்டாம் வகுப்புக்கு விலங்கியல் எடுத்து ஓய்வு பெற்றவள் நான். வைரஸ் பாடத்தை "நுழைகிறது, பெருகுகிறது, வெளியேறுகிறது" என்று மூன்றே வினைச்சொல்லில் முடித்துவிடுவோம். நுழைந்ததற்கும் பெருகியதற்கும் நடுவில் என்ன நடந்தது என்ற கேள்வி எப்போதும் கடைசி பெஞ்சிலிருந்துதான் வரும். கொரோனாவுக்கு அப்புறம் ரேஷன் கடை வரிசையிலும் வயல் வரப்பிலும் கல்யாணப் பந்தியிலும் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். திரும்பத் திரும்ப வந்தவற்றை, கேட்டவர்கள் கேட்ட வாக்கிலேயே கீழே தருகிறேன்.

டீச்சர், வைரஸ் செல்லுக்குள்ள போயிட்டாலே கதை முடிஞ்சுதே. அதுக்கு மேல எங்க போகணும்?

வைரஸ் என்பது ஒரு புரதக் கூடு. அதற்குள் சுருட்டி வைத்த டி.என்.ஏ அல்லது ஆர்.என்.ஏ. சிலவற்றுக்கு மேலே ஒரு கொழுப்புச் சவ்வும் உண்டு. அவ்வளவுதான் சொத்து. டி.என்.ஏ-வைப் படித்து நகலெடுக்கும் கருவிகள் செல்லின் உட்கருவுக்குள் இருக்கின்றன. அங்கே போய்ச் சேராத ஹெர்பிஸ் வைரசும் (உதட்டுக் கொப்புளம் தருவது) அடினோவைரசும் (சளிக்காய்ச்சல் தருவது) வாசல் வரை வந்து செத்தவை மாதிரிதான்.

தூரம் ஒன்றும் பெரிதில்லை. நம் செல்லின் குறுக்களவு பொதுவாக 10 முதல் 30 மைக்ரோமீட்டர். மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு மைக்ரோமீட்டர், அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்கு நானோமீட்டர். அடினோவைரஸ் சுமார் 90 நானோமீட்டர். தன் உடம்பைப் போல நூறு மடங்கு தூரம் போனால் உட்கரு வந்துவிடும். நெரிசல்தான் பிரச்சினை. செல்லுக்குள் இருப்பது தண்ணீர் இல்லை. புரதங்களும் சவ்வுகளும் இழைகளும் அடைத்துக்கொண்டிருக்கும் கூழ். வெங்காயத் தாமரை மண்டிய வாய்க்காலில் கெண்டைக் குஞ்சு நுழைந்து போய்விடும், தென்னை மட்டை மாட்டிக்கொள்ளும். 50 நானோமீட்டருக்கு மேற்பட்டதெல்லாம் இங்கே மட்டைதான். ஹெர்பிஸ் வைரஸ் ஒரு நரம்பு இழைக்குள் தானாக மிதந்து 10 மில்லிமீட்டர் கடக்க 231 ஆண்டு ஆகும் என்று பெயாட்டே சோடைக் என்ற ஜெர்மன் ஆய்வாளர் 2000-இல் கணக்குப் போட்டார்.

அதுக்குக் காலும் இல்ல, வாலும் இல்ல. அப்ப எப்படித்தான் நகருது?

அது நகர்வதில்லை. அதைத் தூக்கிக்கொண்டு போகிறார்கள். இந்தப் பக்கத்தில் ஒன்றே ஒன்று மனதில் நின்றால் போதும் என்றால், அது இதுவாக இருக்கட்டும்.

செல்லுக்குள் நுண்குழல்கள் என்ற பாதைகள் இருக்கின்றன. டியூபுலின் என்ற புரதத்தால் ஆன, 25 நானோமீட்டர் தடிமனுள்ள குழல்கள். பெரும்பாலான செல்களில் இவை உட்கருவை ஒட்டிய சென்ட்ரோசோம் என்ற இடத்திலிருந்து விளிம்பு நோக்கிப் பிரிந்து போகும். எங்கள் ஊர்க்காரர்களுக்கு நீடாமங்கலத்து மூணாறு தலைப்பைச் சொன்னால் புரிந்துவிடும். அங்கேதான் ஆறு வெண்ணாறு, கோரையாறு, பாமணியாறு என்று மூன்றாகப் பிரிகிறது. சென்ட்ரோசோம்தான் தலைப்பு; செல்லின் விளிம்பு, தண்ணீர் கடைசியாகப் போய்ச் சேரும் கடைமடை. ஒரு வித்தியாசம், நுண்குழலுக்குள் எதுவும் ஓடுவதில்லை. சரக்கு அதன் மேல்பரப்பில்தான் போகிறது.

சுமப்பவை இரண்டு புரதங்கள். கைனசின் பெரும்பாலும் தலைப்பிலிருந்து கடைமடைக்குப் போகும், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி-யில் ஒரு மூலக்கூறைச் செலவழித்து 8 நானோமீட்டர் நீளத்துக்கு ஓர் எட்டு வைக்கும். டைனீன் கடைமடையிலிருந்து தலைப்புக்கு ஏறிவரும். உட்கருவுக்குப் போக வேண்டிய வைரசுக்கு வேண்டியது டைனீன். வேகம் ஏறக்குறைய நொடிக்கு ஒரு மைக்ரோமீட்டர். நடுவில் நின்று நின்று போனாலும், அடினோவைரஸ் சுமார் ஒரு மணி நேரத்தில் உட்கரு வாசலுக்கு வந்துவிடும். டைனீனைப் பற்றி நம் நாட்டுக்காரரின் கண்டுபிடிப்பு ஒன்று உண்டு. சுமை கூடினால் டைனீன் எட்டு வைக்கும் நீளத்தைக் குறுக்கிக்கொள்கிறது, மேட்டில் ஏறும் லாரி கியர் மாற்றுவது போல, என்று ரூப் மல்லிக்கும் சக ஆய்வாளர்களும் 2004-இல் காட்டினார்கள்.

உட்கரு எந்தப் பக்கம் இருக்குன்னு வைரசுக்கு எப்படித் தெரியும்?

தெரியாது. நுண்குழலுக்கு ஒரு திசை இருக்கிறது, டைனீனுக்கு அந்தத் திசை தெரியும், அவ்வளவுதான். மினுங்கும் சாயம் ஏற்றிய வைரசை நுண்ணோக்கியில் பார்த்தால் அது நேராகப் போவதே இல்லை. நாலடி முன்னே, இரண்டடி பின்னே, கொஞ்சம் நிற்கும், மறுபடி ஓடும். ஒரே வைரசைக் கைனசினும் டைனீனும் ஆளுக்கொரு பக்கம் பிடித்து இழுப்பதால் வரும் கூத்து இது. மொத்தத்தில் டைனீன் கை ஓங்கினால் உட்கருப் பக்கம் போய்ச் சேரும்.

செல்லு அவ்வளவு முட்டாளா? திருடனைத் தோள்ல தூக்கிட்டுப் போகுமா?

கூரியர்காரர் பார்சலைப் பிரித்துப் பார்ப்பதில்லை, முகவரி பார்க்கிறார். டைனீனும் அப்படியே. செல்லின் சொந்தச் சரக்குகளில் டைனீன் பிடித்துக்கொள்ள இடைத்தரகர் புரதங்கள் உண்டு. வைரஸ் அந்தக் கொக்கியைத் தன் மேல் செய்து வைத்திருக்கிறது. அடினோவைரஸ் கூட்டின் ஹெக்ஸான் என்ற புரதம் டைனீனை நேராகவே பிடிக்கும்.

சில வைரஸ்களுக்கு அதுகூட வேண்டாம். செல் எதையாவது விழுங்கும்போது சவ்வுப் பை ஒன்று உண்டாகும். அந்தப் பையை உள்ளே இழுத்துப் போவது டைனீனின் அன்றாட வேலை. வைரஸ் பைக்குள் உட்கார்ந்து டிக்கெட் இல்லாமல் வரும். வர வர பைக்குள் அமிலத்தன்மை ஏறும். ஃப்ளூ வைரசுக்கு அதுதான் இறங்கும் இடம் வந்ததற்கான அடையாளம். அமிலம் பட்டதும் அதன் மேல் புரதம் உருமாறி, பையின் சவ்வோடு ஒட்டி, உள்ளிருப்பதை வெளியே கொட்டிவிடும்.

எல்லா வைரசும் உட்கருவுக்குத்தான் போகுமா? கொரோனா, டெங்கு எல்லாம்?

இல்லை. பொதுவாக டி.என்.ஏ வைரஸ்கள் போகும், ஆர்.என்.ஏ வைரஸ்கள் போகாது. கொரோனா, டெங்கு, சிக்குன்குனியா, போலியோ எல்லாம் உட்கருவுக்கு வெளியே உள்ள கூழிலேயே, அதாவது சைட்டோபிளாசத்திலேயே பெருகிக்கொள்ளும். நகலெடுக்கும் நொதியைத் தாங்களே செய்துகொள்வதால் உட்கருவின் தயவு வேண்டாம்.

தேர்வில் கேட்பது விதிவிலக்குகளைத்தான். பெரியம்மை வைரசுக்கு டி.என்.ஏ, ஆனால் கருவிகளைக் கையோடு கொண்டுவந்து வெளியிலேயே வேலையை முடித்துவிடும். ஃப்ளூவுக்கு ஆர்.என்.ஏ, ஆனால் உட்கருவுக்குள் போயே ஆக வேண்டும். செல்லின் ஆர்.என்.ஏ-க்களின் தலைப் பகுதியை வெட்டித் திருடித் தன்னுடையதில் ஒட்டிக்கொள்வது அதன் பழக்கம், அவை தயாராகும் இடம் உட்கரு. எச்.ஐ.வி ஆர்.என்.ஏ-வாக வந்து டி.என்.ஏ-வாக மாறி நம் குரோமோசோமில் தைத்துக்கொள்ளும்.

சரி, உட்கரு வாசல் வரைக்கும் வந்தாச்சு. வாசல் சின்னதாச்சே, எப்படி உள்ள நுழையும்?

எனக்குப் பிடித்த கேள்வி இதுதான், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன். உட்கருவைச் சுற்றி இரட்டைச் சவ்வு, அதில் ஆயிரக்கணக்கில் துளைகள். ஒவ்வொரு துளையும் சுமார் 30 வகைப் புரதங்கள் பல படிகளாகச் சேர்ந்து, மொத்தம் ஆயிரம் புரதங்கள் வரை கொண்ட கட்டுமானம். நடுவில் நூல் நூலாகப் புரத இழைகள் பின்னிக் கிடக்கும். சின்னப் புரதங்கள் தானாகப் புகுந்துவிடும். பெரியவற்றுக்கு இம்போர்ட்டின் என்ற துணையாள் வேண்டும், அவர் கூட்டிப் போக ஒரு முகவரிச் சீட்டு வேண்டும். அந்தச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று 1984-இல் முதன்முதலாகப் படித்ததே ஒரு வைரசின் புரதத்தில்தான். எஸ்.வி 40 என்ற குரங்கு வைரஸ். ஏழே அமினோ அமிலம் கொண்ட சீட்டு. திருடனின் சட்டைப் பையில்தான் நம் வீட்டுச் சாவியின் அச்சு கிடைத்தது!

அப்புறம் அளவு. திருவாரூர் ஆழித்தேரை நினைத்துக்கொள்ளுங்கள். வீதி சுற்றி நிலைக்கு வந்ததும் தேர் வெளியே நின்றுவிடும், சாமி மட்டும் இறங்கி உள்ளே எழுந்தருள்வார். ஹெர்பிஸ் வைரஸ் செய்வது இதையேதான். 125 நானோமீட்டர் கூடு துளைக்குள் நுழையாது. வாசலில் ஒட்டிக்கொண்டு டி.என்.ஏ-வை மட்டும் உள்ளே பீய்ச்சும். கூட்டுக்குள் டி.என்.ஏ திணிக்கப்பட்டிருக்கும் அழுத்தம் சுமார் 18 வளிமண்டலம், அதாவது லாரி டயரில் அடிக்கும் காற்றைப் போல இரண்டு மடங்குக்கும் மேல். அடினோவைரஸ் இன்னும் கெட்டிக்காரன். வாசலில் கூட்டின் ஒரு பக்கத்தைக் கட்டிக்கொண்டு, கடைமடைக்கு ஓடும் கைனசினை மறுபக்கம் இழுக்கவைக்கும். கூடு பிய்ந்து டி.என்.ஏ உள்ளே போகும். ஃப்ளூ, எட்டுத் துண்டு ஆர்.என்.ஏ-வையும் புரதம் சுற்றி, சீட்டோடு உள்ளே அனுப்பும்.

பல்லக்கோடு உள்ளே போகிறவர்களும் உண்டு. ஹெபடைட்டிஸ் பி-யின் கூடு 36 நானோமீட்டர்தான், துளைக்குள் நுழைந்துவிடும். எச்.ஐ.வி-யின் கூம்பு வடிவக் கூடு, அகன்ற பக்கத்தில் சுமார் 60 நானோமீட்டர். துளை வழியே போகக்கூடிய அளவு 39 நானோமீட்டர் என்று 2002-இல் அளந்திருந்ததால், எச்.ஐ.வி கூட்டை வெளியே கழற்றிவிட்டுத்தான் போகும் என்று பல வருடம் நாங்களும் பாடம் நடத்தினோம். 2021-இல் செல்லை உறையவைத்து, உள்ளிருந்தபடியே படம் எடுத்துப் பார்த்தபோது துளை 60 நானோமீட்டருக்கு மேல் விரிந்திருந்தது, கூம்பும் முழுசாக உள்ளே போய்க்கொண்டிருந்தது. முன்பு அளந்தது செல்லிலிருந்து பிரித்தெடுத்தபின் சுருங்கிய துளைகளை வைத்து வரைந்த படங்களோடுதான் பொருந்தியது. என்னிடம் படித்த பழைய மாணவர்கள் யாராவது இதைப் படித்தால் நோட்டைத் திருத்திக்கொள்ளவும்.

துளையே வேண்டாம்னு போற வைரஸ் இருக்கா?

உண்டு. செல் இரண்டாகப் பிரியும்போது உட்கருச் சவ்வு தானாகக் கரைந்து, பிறகு மறுபடி உருவாகும். கருப்பை வாய்ப் புற்றுக்குக் காரணமான எச்.பி.வி அந்த நேரம் வரை காத்திருந்து குரோமோசோமோடு ஒட்டிக்கொள்ளும். கதவைக் கழற்றி வர்ணம் அடிக்கிற நாளில் வீட்டுக்குள் வருகிற மாதிரி. பிரியாத செல்லில் இந்த வைரசின் பாச்சா பலிக்காது.

நாய் கால்ல கடிச்சா மெதுவா ஏறும், முகத்துல கடிச்சா உடனே ஏறும்னு சொல்றாங்களே, நெசமா?

நிஜம். காரணம் இரண்டாவது கேள்வியில் சொன்ன டைனீன்தான். வெறிநோய் வைரஸ் கடிபட்ட இடத்து நரம்பு முனையில் புகுந்து, நரம்பு இழைக்குள் நுண்குழல் வழியே ஏறுகிறது. பாதத்திலிருந்து தண்டுவடம் வரை ஒரே நரம்பு செல்லின் இழை ஏறக்குறைய ஒரு மீட்டர் நீளம் இருக்கும். வைரஸ் ஒரு நாளைக்கு 50 முதல் 100 மில்லிமீட்டர் வரை போகும். முகம் என்றால் மூளை பக்கத்திலேயே. ஆனால் தூரம் மட்டும் கணக்கில்லை, நரம்பில் ஏறுமுன் தசையிலேயே வாரக்கணக்கில் தங்குவதும் உண்டு. அதனால்தான் நோய் தெரிய பெரும்பாலும் இரண்டு மூன்று மாதம் ஆகிறது, சிலருக்கு ஒரு வாரத்திலேயேகூட.

ஒரு விசேஷம். இவ்வளவு தூரம் வந்தும் இந்த வைரஸ் உட்கருவுக்குள் போவதில்லை. அது ஆர்.என்.ஏ வைரஸ், உட்கருவுக்கு வெளியிலேயே பெருகும். பெருகும் இடத்தில் தெரியும் திட்டுகளை நெக்ரி என்ற இத்தாலிய மருத்துவர் 1903-இல் கண்டார். "கால்லதானே கடிச்சுது, திருவிழா முடிஞ்சு ஊசி போட்டுக்கலாம்" என்று மட்டும் இருக்காதீர்கள். சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே ஊசி. நரம்பில் ஏறி மூளைக்குப் போய்விட்ட வைரசை விரட்ட மருந்து கிடையாது.

டீச்சரம்மா, எனக்குச் சின்ன வயசுல அம்மை போட்டுது. இப்ப அறுபது வயசுல அக்கி வந்துருக்கு. ரெண்டும் ஒண்ணுங்கிறாரே டாக்டரு?

ஒன்றேதான் பெரியம்மா. சின்னம்மை இறங்கினாலும் அந்த வைரசின் டி.என்.ஏ முதுகெலும்பை ஒட்டிய நரம்பு முடிச்சுகளில், செல்களின் உட்கருவுக்குள், வளையமாகச் சுருண்டு படுத்துவிடும். வயதாகி எதிர்ப்புசக்தி தளர்ந்ததும் எழுந்து புதுக் கூடுகளைச் செய்யும். வந்தபோது டைனீன் ஏற்றிவந்ததை இப்போது கைனசின் கடைமடைக்கு, அதாவது தோலுக்கு, இறக்கிவிடும். ஒரு நரம்பின் ஆயக்கட்டில் மட்டும் கொப்புளம் வரும். அதனால்தான் அக்கி உடம்பில் ஒரு பக்கமாகப் பட்டை பட்டையாக வந்து, நடுக்கோட்டில் கத்தரித்தாற்போல நின்றுவிடுகிறது.

அக்கி எழுதுவதைப் பற்றியும் கேட்பீர்கள். என் அம்மாவுக்கு வேளார் ஒருவர் காவியைக் குழைத்து, கோழி இறகால் முதுகில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். காவி காயக் காய "குளுகுளுன்னு இருக்குடி" என்றாள். ஆறுதலை நான் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு முதல் நான்கு வாரத்தில் கொப்புளம் தானாகவே ஆறும், ஆறிய பிறகும் சிலரை விடாத நரம்பு வலிதான் கொடுமை. அசைக்ளோவிர் மாத்திரையை முதல் 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால் நல்ல பலன் உண்டு. கண் பக்கம் வந்தால் ஒரு நாளும் தள்ளக்கூடாது. எழுதுவதானால் மாத்திரையைப் போட்டுக்கொண்டு எழுதிக்கொள்ளுங்கள்.

உளுந்துல வர்ற மஞ்சள் தேமலும் வைரஸ்தானே? செடிக்குள்ளயும் இந்த டைனீன் இருக்கா?

கேட்டவர் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் முன்னால், வயல் மெழுகு பதத்தில் இருக்கும்போது உளுந்து தெளித்தவர். மாசியில் இலையெல்லாம் மஞ்சள் பொட்டாகி நின்ற வயலைக் காட்டிக் கேட்டார். வைரஸ்தான், வெள்ளை ஈ பரப்புகிறது. டி.என்.ஏ வைரஸ் என்பதால் இதுவும் உட்கருவுக்குப் போக வேண்டும்.

ஆனால் பூக்கும் தாவரங்களுக்கு டைனீனும் கிடையாது, சென்ட்ரோசோமும் கிடையாது! செடிக்குள் சரக்குப் போக்குவரத்து பெரும்பாலும் ஆக்டின் என்ற வேறொரு புரத இழையில், மயோசின் என்ற சுமைதூக்கிப் புரதத்தின் முதுகில். நல்லவேளையாக (வைரசுக்கு நல்லவேளை) இதன் துகள் இரட்டைக் குரும்பை போல, 20 நானோமீட்டர் அகலமும் 30 நீளமும்தான். உறைப் புரதத்திலேயே முகவரிச் சீட்டும் இருப்பதால் வாசல் பிரச்சினை இல்லை. செடியில் கஷ்டம் வேறு இடத்தில், செல்லைச் சுற்றிய கெட்டியான சுவர். அதிலுள்ள மிக நுண்ணிய கால்வாய் வழியாகத்தான் அடுத்த செல்லுக்குப் போக முடியும். இதற்கென்றே இரண்டு புரதம் வைத்திருக்கிறது. ஒன்று டி.என்.ஏ-வை உட்கருவிலிருந்து வெளியே கொண்டுவரும், மற்றது சுவர்க் கால்வாயில் கடத்திவிடும். வாழையின் முடிக்கொத்து நோயும் உட்கருவில் பெருகும் டி.என்.ஏ வைரஸ்தான், பரப்புவது அசுவினி. நெல்லின் துங்ரோவில் இரண்டு வைரஸ் கூட்டுச் சேர்கிறது. ஒன்று உட்கருவுக்குப் போகும், மற்றது போகாது.

மருந்தடித்தால் வெள்ளை ஈயைத்தான் குறைக்கலாம், செடிக்குள் போன வைரசைத் தொட முடியாது. தேமல் கண்ட செடியை முதலிலேயே பிடுங்குவதும், அடுத்த பட்டத்துக்கு வம்பன் 8 போன்ற எதிர்ப்புத்திறன் உள்ள ரகத்தைப் பார்ப்பதும்தான் வழி.

கோவிட் ஊசி உட்கருவுக்குள்ள போய் நம்ம ஜீனை மாத்திடும்னு வாட்ஸ்அப்ல வந்துச்சே?

ஊசிக்கு ஊசி பதில் வேறு. கோவாக்சின், செயலிழக்கச் செய்த கொரோனா வைரஸ். உட்கருவுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. வெளிநாடுகளில் போட்ட எம்.ஆர்.என்.ஏ ஊசி சைட்டோபிளாசத்திலேயே படிக்கப்பட்டுக் கரைந்துவிடும்.

கோவிஷீல்டில் கொஞ்சம் நிதானமாகப் பேச வேண்டும். அது சிம்பன்சி அடினோவைரசில் கொரோனாவின் முள் புரத ஜீனை ஏற்றியது. மேலே சொன்ன டைனீன் பயணம், வாசலில் கூடு பிய்வது எல்லாம் அதற்கும் உண்டு. அதன் டி.என்.ஏ உட்கருவுக்குள் போகத்தான் செய்கிறது. "போகவே போகாது" என்று சிலர் அடித்துச் சொன்னதால்தான் சந்தேகம் கூடியது என்பது என் கருத்து. உள்ளே போவது வேறு, குரோமோசோமில் தைத்துக்கொள்வது வேறு. தைக்கும் நொதி எச்.ஐ.வி-யிடம் உண்டு, அடினோவைரசிடம் இல்லை. அதன் டி.என்.ஏ தனியாக இருந்து படிக்கப்படும். பெருகுவதற்கான ஜீனை முன்பே நீக்கியிருப்பதால் பெருகவும் முடியாது.

பாதையையே உடைச்சுட்டா வைரஸ் நின்னுடுமே, அதுக்கு மருந்து இல்லையா?

பாதையை உடைக்கும் பொருள் வேதாரண்யம் பக்கத்து மணலிலேயே விளைகிறது. செங்காந்தள், நம் மாநிலப் பூ. கண்வலிக்கிழங்கு என்றால் சட்டென்று தெரியும். அதிலுள்ள கால்சிசின் டியூபுலினைப் பிடித்துக்கொண்டு நுண்குழல் உருவாகாமல் தடுக்கும். ஆய்வகத்தில் இந்த மாதிரி மருந்தைப் போட்டுத்தான் எந்த வைரசுக்குப் பாதை வேண்டும் என்று சோதிக்கிறார்கள். ஆனால் அந்தப் பாதையில்தான் நம் செல்லின் சரக்கும் போகிறது. ஒரு திருடனுக்காக எல்லா ஆற்றையும் தூர்க்க முடியுமா? வைரசை நிறுத்தும் அளவுக்குக் கொடுத்தால் ஆள் போய்விடுவார். அந்தக் கிழங்கு உயிரைக் குடிக்கும் விஷம், கைவைத்தியம் வேண்டவே வேண்டாம்.

வைரசின் கூட்டை மட்டும் குறிவைத்தால் சாத்தியம். எச்.ஐ.வி-க்கு வந்துள்ள லெனாகபவிர் அந்தக் கூம்பில் போய் ஒட்டிக்கொண்டு, உட்கருவுக்குள் நுழைவது உட்பட அதன் பல வேலைகளைக் கெடுக்கும். ஆறு மாதத்துக்கு ஒரு ஊசி. 2022-இல் அமெரிக்காவில் சிகிச்சைக்கும், 2025-இல் தொற்று வராமல் தடுக்கவும் அனுமதி கிடைத்தது. அக்கிக்குத் தரும் அசைக்ளோவிர் பயணத்தைத் தடுப்பதில்லை, உட்கருவுக்குள் நகலெடுப்பதைத்தான் தடுக்கிறது.

இதெல்லாம் நீங்க கண்ணால பார்த்திருக்கீங்களா டீச்சர்?

வைரஸ் நடக்கிறதைப் பார்த்ததில்லை, படங்களில்தான். ஆனால் அது போய்ச் சேர்ந்ததைப் பார்த்திருக்கிறேன். கடலோரத்தில் இறால் குட்டை வைத்திருந்த உறவினருக்கு ஒரு பருவம் மொத்தமும் வெள்ளைப்புள்ளி நோயில் போனது. அந்த நோயின் வைரசும் டி.என்.ஏ-தான், உட்கருவில்தான் பெருகும். செவுளைச் சீவிச் சாயம் ஏற்றிய கண்ணாடித் தகடு ஒன்றைப் பரிசோதனைக்கூடத்தில் காட்டினார்கள். பள்ளியில் இருக்கிற மாதிரி சாதாரண நுண்ணோக்கிதான். நல்ல செல்களில் உட்கரு கருநீலப் பொட்டாக, கடுகு மாதிரி இருந்தது. பக்கத்திலேயே சில செல்களில் அது உப்பி, செல்லையே அடைத்துக்கொண்டு, ஊறவைத்த உளுந்து மாதிரி வெளிறிக் கிடந்தது. உறவினர் என் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்து, "எதும்மா புழு?" என்றார். புழு இல்லை மாமா, அந்த உப்பின உருண்டைக்குள்ளதான் எல்லாம் இருக்கு என்றேன்.